நாற்பத்தொரு கிலோ

வீரபாண்டிப் பிரிவில் பரோட்டாக் கடையை மூடினார்கள்.
ஸ்டாண்டில் மிச்சமிருந்த இருபத்தொன்பது இஞ்ச் டிவியை
முந்நூற்றைம்பதுக்குப் பேசி முடித்தேன்.
"எடைக்குப் போட்டாலும் அவ்வளவுதானுங்க தேறும்,
தூக்குற பாடு உங்களது" என்றார் அமிர்தகணேசன்.

மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை.
முதுகு புடைத்த பெட்டியில் பிடிக்க இடமே கிடையாது.
கண்ணாடியை நெஞ்சோடு அணைத்தால்தான் படி ஏறும்.
அணைத்தேன்.
பத்து வருஷப் பரோட்டா எண்ணெய் என் துப்பட்டாவுக்கு வந்தது.
பின்னால் இன்பராஜ், மூச்சு வாங்க,
ஒரு படிக்கு ஒரு கெட்ட வார்த்தை.

இரண்டாம் மாடியில் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.
"ஒறம்பரை வந்திருக்காங்களாக்கும்?"
"இல்லீங்க, டிவி."
"போன மாசந்தானே ஒண்ணு வாங்குனீங்க, மெல்லிசா?"
"அது பாக்கறதுக்குங்க. இது வெளையாடறதுக்கு."
கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

சாயப்பட்டறை லேபில் நிறம் பார்ப்பது என் வேலை.
விளக்குப் பெட்டிக்குள் துண்டுத் துணியை வைத்து
பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை,
கடை வெளிச்சத்தில் ஒரு தடவை,
வீட்டு மஞ்சள் பல்பில் ஒரு தடவை.
ஒன்றில் ஒத்துப்போன நீலம்
இன்னொன்றில் காட்டிக்கொடுத்துவிடும்.
அதனால்தான்
புது டிவியில் கேசட்டைச் செருகிய அன்றே
எனக்கு அந்த வானம் பிடிக்கவில்லை.
கத்தரித்து ஒட்டிய கட்டம் கட்டமான நீலம்,
ஒவ்வொரு கட்டமும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு.

பழசில் அதே வானம்
ரிப் பின்னல் மாதிரி கோடு கோடாய்,
ஓரத்தில் கொஞ்சம் கசிந்து மேகத்தோடு சேர்ந்துகொள்கிறது.
குறையும் உண்டு.
இடது மூலையில் பச்சைத் திட்டு,
கடை ஸ்பீக்கரின் காந்தம் கடித்த தழும்பு.
ஸ்விட்சைப் போட்டதும் ஊசி போல ஒரு கீச்சு.
எனக்குக் கேட்கிறது, இன்பராஜுக்குக் கேட்கவில்லை.
பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுட்டால் இதில் கொக்கு விழுகிறது.
புதியதில் ஒரு கொக்கும் விழாது,
இறக்கையடித்து நம்மைக் கேலி பண்ணிப் போகும்.

"சரி, இதுல எது நெஜ நீலம்?" என்றான்.
நல்ல கேள்வி. எனக்குக் கோபம் வந்தது.
லேபில் என்றால் பையர் அனுப்பிய துண்டு இருக்கும்,
அதன் பக்கத்தில் வைத்து மார்க் போடலாம்.
இந்த வானத்துக்கு யாரிடமும் துண்டு இல்லை.
கேசட்டுக்குள் கிடப்பது எண்.
வெள்ளைத் துணி.
பெட்டிதான் அதைச் சாயத்தில் முக்கி எடுக்கிறது.

தெரிந்துகொள்ள ஒரே வழி.
வயரை இரண்டாய்ப் பிரித்தோம்.
இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு.
ஒரே பட்டன், ஒரே பள்ளம்,
இரண்டு திரையிலும் அதே சிவப்பு பனியன் பையன்.

அழுத்தினேன்.
இடப்பக்கத்தான் தாவினான்.
பிறகு,
கண் சிமிட்ட எடுக்கும் நேரம்கூட ஆகவில்லை,
வலப்பக்கத்தான்.
யாரோ காதில் சொல்லித் தெரிந்துகொண்டவன் மாதிரி.

திரும்பத் திரும்ப அழுத்தினேன்.
அடுப்பில் தோசை கருகியது.
ஒரு தரம் வேண்டுமென்றே
தாவாமல் பள்ளத்துக்குள் ஓடவிட்டேன்.
இடப்பக்கம் விழுந்து செத்துவிட்டான்.
வலப்பக்கம் விளிம்பில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தான்,
பனியன் கசங்காமல்,
சேதி வராமல்.
"பாரு, இங்க உசுரோட இருக்கான்!"
இன்பராஜ் சொல்லி முடிப்பதற்குள் அவனும் விழுந்தான்.

எங்கள் ரிப்போர்ட்டில் மூன்று கட்டம்:
பாஸ், ஃபெயில்,
வியாபாரத்துக்குப் பரவாயில்லை.
மூன்றாவதில்தான் முக்கால்வாசி டிக் விழும்,
கப்பல் காத்திருக்காது.
புது டிவிக்கு மனசுக்குள் அதைத்தான் போட்டேன்.
இன்னும் ஐந்து தவணை பாக்கி,
கிரிக்கெட்டுக்கு அது போதும்.

எழுந்துபோய் வலப்பக்கத்து வயரை உருவினேன்.
இன்பராஜ் கருகின தோசையைத் திருப்பிக்கொண்டே
"அப்ப நாலு மாசத்துல வீடு மாறும்போது
இதை எறக்கறது யாரு?" என்றான்.

நான் பள்ளத்தின் விளிம்பில் இருந்தேன்.
பதில் சொல்ல நேரமில்லை.